உலையைத் திறக்க விடாத முனைவர் அத்தாயி

இந்த நினைவுக் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் அத்தாயி அம்மையாரின் அண்ணன் சென்றாயன் அவர்களே, எங்கள் கல்லூரி முதல்வர் அருணா அவர்களே, காட்டு வேலையைப் போட்டுவிட்டு இந்த மலையின் தேவனூர் நாட்டிலிருந்தும் பைல் நாட்டிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். நான் மணிவண்ணன். அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் முனைவர் அத்தாயியோடு வேலை பார்த்தவன். மலைப்பாதையில் ஏறிய தலைசுற்றல் இன்னும் அடங்கவில்லை. பேச்சில் தடுமாறினால் துக்கம் பாதி, பேருந்து பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தாயி என்ன வேலை செய்தார்? இந்தக் கேள்வியை இந்த ஊரே அவரிடம் கேட்டிருக்கிறது. அவர் படிகம் வளர்த்தார். கடோலினியம் என்ற அரிய மண் தனிமத்தின் ஆக்சைடையும் நையோபியம் என்ற உலோகத்தின் ஆக்சைடையும் சேர்த்து, இரும்பையே தண்ணீராக்கும் சூட்டுக்கும் மேலே உலையில் உருக்கி, அதில் ஒரு சிறு விதைப் படிகத்தைத் தொட்டு, சுழற்றிக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக மேலே இழுப்பார். உருகியது விதையில் ஒட்டி வளரும். சூட்டை எளிதில் உள்ளே விடாத படிகம் அது. விமான எஞ்சின் தகடுகளுக்கு மேல்பூச்சாகலாம் என்று உலகமே அந்த வகைப் படிகங்களை ஆராய்கிறது. இதைக் கேட்ட சென்றாயன் அண்ணன் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “கல்லு வளக்கறதுக்கா காலேஜு? நம்ம காட்டுல சும்மாவே மொளைக்குதே கண்ணு.”

ஆனால் வளர்ப்பது கூடப் பெரிதல்ல, ஆறவைப்பதுதான் பெரிது. சூடு இறங்கும்போது ஒரு கட்டத்தில் அதன் உள்ளமைப்பு மாறும். அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். எங்களுக்குத் தொடர்ந்து வெடித்தது. திட்டத்துக்குப் பணம் கொடுத்த மேலிடம் பொறுமை இழந்தது. அடுத்த படிகமும் வெடித்தால் திட்டத்தை மூடிவிட்டு உலையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். அதைப் பார்க்க ஒரு குழு வந்தது. சொன்ன நாளுக்கு முந்தைய நாளே வந்தது.

உலை ஆறிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர், “திறங்கம்மா, பாத்துட்டுக் கிளம்பறோம்” என்றார்.

“ஆறட்டுங்க சார்.”

“எப்ப ஆறும்?”

“அதுவா ஆறுனாத்தானுங்க.”

அவர் முகம் சிவந்தது. அத்தாயி கொஞ்சமும் பதறாமல், “வந்தது வந்தீங்க, எங்கூருக்கு வந்து முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு குடிச்சிட்டுப் போங்க” என்று குழுவை வேனில் ஏற்றிவிட்டார். உலைக்குக் காவல் மாணவி யமுனா. குழுவுக்குக் காவல் நான்.

மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. முதலில் வாந்தி எடுத்தவன் நான். இரண்டாவது குழுத் தலைவர். சென்றாயன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைவர் கயிற்றுக் கட்டிலில் படுத்து, “இன்னிக்கு இறங்கச் சொல்லாதீங்க, காலைல பாத்துக்கலாம்” என்று கெஞ்சினார். அத்தாயி மிகுந்த கவலையோடு அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி நின்று, சிக்னல் பிடித்து, “யமுனா, தொடாத சாமி. நாளைக்குத்தான் வாரோம்” என்றார். அந்தக் குரலில் கவலையே இல்லை.

மறுநாள் எல்லோரும் வெளுத்த முகத்தோடு இறங்கினோம். உலை ஆறியிருந்தது. அத்தாயி திறந்தார். படிகம் முழுசாக நின்றது. ஒரு கீறல் இல்லை. யமுனா அழுதுவிட்டாள். குழுத் தலைவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அத்தாயி கையை நீட்டினார்.

“குடுங்க சார், வெட்டோணும்.”

“வெட்டறதா? இவ்வளவு கஷ்டப்பட்டு வளத்ததையா?”

“அலமாரியில வெக்கவா வளத்தோம்? துண்டு போட்டாத்தானுங்க எவ்வளவு சூடு கடத்துதுன்னு அளக்க முடியும்.”

தலைவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அத்தாயிதான் மெல்ல விரல்களைப் பிரித்து வாங்கினார். திட்டம் நீண்டது. உலை எங்களிடமே இருந்தது. வெட்டி அளந்தபோது, ஒரு திசையில் ஒரு மாதிரியும் மறு திசையில் வேறு மாதிரியும் சூடு போனது. அதைக் கண்டு அந்த அம்மா பட்ட சந்தோஷத்தை, படிகம் முழுசாக வந்தபோதுகூடப் படவில்லை.

இப்படி ஒருவரை எங்கே தேடுவோம்? போன வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு வலி என்பதால் அவர் பேசக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கண்ணைத் திறந்து, “உலை ஓடுதுங்களா?” என்றார். ஓடுகிறது என்றேன். “அப்பறம் நீங்க ஏனுங்க இங்க உக்காந்திருக்கறீங்க?” என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

யமுனா ஏன் வரவில்லை என்று உங்களில் சிலர் வருத்தமாகக் கேட்டீர்கள். அவள் உலையருகே இருக்கிறாள். அத்தாயி தொடங்கிவைத்த படிகம் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. அதை அவசரப்படுத்த மாட்டோம். எடுத்ததும் வெட்டுவோம், அளப்போம். வரும் கட்டுரையில் முதல் பெயர் முனைவர் அத்தாயி என்றே இருக்கும். இது அவருடைய மண்ணில் நின்று நாங்கள் கொடுக்கும் வாக்கு.

இத்தோடு முடித்துக்கொள்கிறேன், பொறுத்தருள வேண்டும். யமுனா காலையிலிருந்து சாப்பிடவில்லை. நான் போய் உலையருகே உட்கார்ந்துதான் அவளை மாற்றிவிட வேண்டும்.