தண்டத் தண்ணி

அட, கம்யூனிஸ்ட்டா காங்கிரஸான்றதெல்லாம் அப்புறம் சார், மொதல்ல அந்தக் கல்லைத் தாண்டாதீங்க. ஆங், தாண்டிட்டீங்களா? அதுவும் பூட்ஸோட? சரி வுடுங்க, ஊருக்குப் புதுசு. வெயில்ல நிக்காம இப்படி வேப்பமரத்தடி பெஞ்சியில குந்துங்க.

சுத்தி சுண்ணாம்பு அடிச்ச கல்லு நட்டு வெச்சிருக்குது பாருங்க, அதுதான் எங்க பால் பேட்மிண்டன் கிளப்பு எல்லை. கல்லுக்கு அந்தாண்ட எந்தக் கட்சிய வேணா வாய் வலிக்கத் திட்டலாம். இந்தாண்ட வந்துட்டா பந்தைத் தவிர வேற பேச்சு கெடையாது. பேசுனா தண்டம். காசு இல்ல சார், தண்ணி. அதோ அந்தக் கெணத்துலேர்ந்து டின்னுல எறைச்சாந்து கோர்ட்டுக்கு ஊத்தணும். வந்ததுலேர்ந்து நீங்க கம்யூனிஸ்ட்டு கம்யூனிஸ்ட்டுன்னு சொன்ன கணக்குக்கு இந்நேரம் பாதி கெணறு காலி. விருந்தாளியாச்சேன்னு வாயை மூடிக்கினு இருக்கேன்.

போட்டோவை இப்படிக் குடுங்க. ஆங், வேடியப்பன்தான். இந்தச் சுருட்டை முடியும் முறுக்கு மீசையும் வேற எவனுக்கு இருக்குது? அரக்கோணம் ரயில்வேல ஃபிட்டரு. தெரியுமாவா? நல்லாக் கேட்டீங்க போங்க. வருசக் கணக்கா எனக்குப் பின்னால நின்னு ஆடுறவன். நான் வுட்ட பந்தையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, முதலாளி வர்க்கத்துக்குக் குனிய முடியலைன்னு என் தொப்பையப் பாத்துச் சிரிக்கிறவன். அதுக்கும் தண்டம் கட்டுனான்னு வெச்சுக்குங்க.

எனக்கு அவனைப் புடிக்குமான்னா கேக்குறீங்க? இந்தக் குல்லாவைப் பாருங்க. டவுன் காங்கிரஸ் கமிட்டி செக்ரட்டரி சிவப்பிரகாசம்னு கேட்டா அரிசி மண்டித் தெருவுல நாய் கூட வழி காட்டும். நம்ம சர்க்காரு, நம்ம போலீசு. நான் ஒத்துழைக்காம வேற எவன் ஒத்துழைப்பான்? வேடியப்பன் கட்சி இருக்குதே, இப்ப உங்க ஆளுங்க ஊரு ஊராத் தேடிப் புடிக்கிறீங்களே, அது வெளங்காத கட்சி. அவன் முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன், கல்லுக்கு அந்தாண்ட நின்னுகினு.

யப்பா மொட்டை! கெழக்கு மூலையில பள்ளம் கெடக்குது பாரு, அங்க ரெண்டு டின்னு கூட ஊத்து. ஆங், அப்படித்தான்.

இவனா? கிருத்திகைக்கு வந்தவன் சார். பாத்தா தெரியலையா, மொட்டையும் சந்தனமும்? தண்ணி ஊத்துறது ஒரு வேண்டுதல்னு வெச்சுக்குங்களேன். இன்னிக்கி ஊர்ல முடி இருக்குற ஆளு நீங்களும் நானுந்தான். மலை மேல ஏறிப் பாருங்க, பூக்காவடியும் பால்காவடியுமா மனுசன் கால் வெக்க எடமில்ல.

கிளப்பு கட்சி ஆபீசான்னு கேக்குறீங்களா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதீங்க சார். நாங்க ஆடுறது அஞ்சு பேரு. நான் காங்கிரஸ். வேடியப்பனைத்தான் நீங்களே சொல்லிட்டீங்க. முன்னால நெட்டுக்கிட்ட நிக்கிறவன் தேசப்பன், கறுப்புச் சட்டை. சாமி இல்லைன்னு மலை அடிவாரத்துலயே நின்னு பேசுவான், பேசி முடிச்சதும் பேட்டைத் தூக்கிக்கினு இங்க வந்துருவான். இடது கைப்பக்கம் பங்காரு நாயுடு. என்னைப் பாவா பாவான்னு கூப்புடுவாரு, ஆனா திருத்தணி ஆந்திராவுக்குத்தான்னு தலைகீழா நிப்பாரு. ஒரு நாளு எதிர்ல அடிச்ச பந்து கோட்டுக்கு வெளிய வுழுந்துச்சா உள்ள வுழுந்துச்சான்னு தகராறு. நாயுடு சொல்றாரு, எல்லை எங்களுதுன்னா பந்தும் எங்களுதுன்னு. எறைச்சாரு அன்னிக்கி, பொழுது சாயற வரைக்கும் எறைச்சாரு. அஞ்சாவது ஆளு போஸ்டாபீசு சின்னசாமி. அவருக்கு எதுலயும் ஒரு அபிப்பிராயமும் கெடையாது. இத்தினி வருசத்துல ஒரு டின்னு தூக்குனதில்ல. அதனாலயோ என்னவோ ஆட்டமும் சுமாருதான்.

சிரிக்கிறீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், எங்க கோர்ட்டு மாதிரி ஈரம் பதமா, புழுதி பறக்காத கோர்ட்டு இந்த ஜில்லாவுலயே கெடையாது. அரக்கோணம் ரயில்வே டீம்காரன் வந்து தரையத் தொட்டுப் பாத்துட்டு, எப்புட்றா இப்படி வெச்சிருக்கீங்கன்னு கேட்டான். எல்லாம் எங்க அரசியல் ஞானம்னேன்.

இன்னாது? போன ஆகஸ்ட்டு பதினைஞ்சா? அது உங்க காது வரைக்கும் வந்துருச்சா! ஆங், நெஜந்தான். நான் விடிஞ்சதும் வந்து இந்தாண்டக் கம்பத்துல மூவர்ணக் கொடி கட்டிட்டேன். அது கட்சி பேசறது இல்லியே, கொடிதானே. மத்தியானம் வந்து பாத்தா அந்தாண்டக் கம்பத்துல தேசப்பன் கறுப்புக் கொடி கட்டிக்கினு நிக்கிறான். துக்க நாளாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், பேட்டாலயே மண்டைய ஒடைச்சிருப்பேன். வேடியப்பன்தான் நடுவுல வந்தான். ரெண்டு பேருமே வாயைத் தொறக்கலை, அதனால தண்டம் இல்ல, ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல நெட்டைக் கட்டுங்கன்னான். கட்டுனோம். ஒரு பக்கம் அந்தக் கொடி, ஒரு பக்கம் இந்தக் கொடி, நடுவுல எங்க கிழிஞ்ச நெட்டு. சுதந்திரம் வந்த அன்னிக்கி சாயங்காலம் அந்த ஆட்டந்தான் ஆடுனோம். நான் தோத்தேன்.

அதே தேசப்பன்தான் இந்தத் தை மாசம் காந்தி செத்த சேதி வந்ததும் மொத ஆளா வந்து நெட்டை அவுத்து மடிச்சு வெச்சுட்டு, இதோ இந்தப் பெஞ்சியில குந்திக்கினு அழுதவன். அன்னிக்கி எங்க எல்லாருக்கும் அவன் சட்டை கலருதான் தேவையா இருந்துச்சு. எனக்குத் தாங்கலை சார் அன்னிக்கி. அது இப்ப எதுக்கு, வுடுங்க.

தாகமா இருக்குதா? யப்பா, இன்ஸ்பெக்டர் ஐயா கையில கொஞ்சம் தண்ணி ஊத்து. நிதானமா ஊத்து, சட்டையில தெளிச்சிரப் போவுது. ஆங். நல்ல கெணறு சார், தேங்காத்தண்ணி தோத்துரும். போதுமா? சரி நீ போப்பா, வேலையப் பாரு. நேரமாவுது.

இந்தத் தண்ணி தூக்குற வழக்கம் எப்படி வந்துச்சுன்றீங்களா? அது கிளப்புல பொறந்த வழக்கமே இல்ல. நாப்பத்திரெண்டுல பொறந்துச்சு. தந்திக் கம்பி அறுத்துட்டேன்னு வெள்ளைக்காரன் போலீசு என்னைத் தேடுது. உங்க டிபார்ட்மெண்டுதான், கோவிச்சுக்காதீங்க. அறுத்தேனான்னு அவங்களும் நெறைய கேட்டாங்க, இப்ப நீங்க வேற கேக்காதீங்க. சொந்த மச்சானே வூட்டுப் பக்கம் வராதேன்னுட்டான். கடைசியில அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு சிநேகிதன், வாடா உள்ளன்னு இழுத்துக் கதவைச் சாத்துனான். அவன் நம்ம கட்சி இல்ல சார். அப்ப அவன் கட்சி யுத்தத்துக்கு ஆதரவு. ஜப்பான்காரனுக்குக் கதவைத் தொறந்து வுடுற முட்டாள்டா நீன்னு திட்டிக்கினே சோத்தைப் போடுவான். நான் அந்தச் சோத்தைத் தின்னுகினே, வெள்ளைக்காரனுக்கு வால் புடிக்கிற பயலேன்னு திட்டுவேன்.

குவார்ட்டர்ஸ் சொவரு தெரியுமில்ல, இந்தாண்ட தும்முனா அந்தாண்ட ஆயுசு நூறுன்னுவாங்க. அவன் சம்சாரம் பாத்துச்சு. இப்படியே கத்துனீங்கன்னா ரெண்டு பேரையும் ஒரே வெலங்குல கட்டிக்கினு போவாங்க, இனிமே எவன் சத்தம் போட்டாலும் தெருக் கொழாயில போயி தண்ணி புடிச்சாரணும்னு சட்டம் போட்டுச்சு. நானோ வெளிய தலை காட்ட முடியாத ஆளு. அதனால என் பங்கு தண்டத்தையும் அவனே தூக்குனான். விடிகாலையில கொடம் கொடமா. அக்கம்பக்கத்துல எல்லாரும் அவனைப் பொண்டாட்டிதாசன்னு சிரிச்சாங்க. அந்தப் பேரு இன்னும் போவலை.

அப்புறம் நான் ஜெயிலுக்குப் போயி வந்ததும், அந்தச் சட்டத்தை அப்படியே இங்க கொண்டாந்து வெச்சோம்.

யாரு வூடுன்னா? இருங்க, வரேன். நீங்க கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், கடைசியா எப்ப ஆடுனான்னு கேட்டீங்கல்ல. வேடியப்பன் கடைசியா ஆடுனது போன மாசம், எங்க பக்கம் நின்னு, ரயில்வே டீமை எதிர்த்து. சமமா நிக்குது ஆட்டம். ஒரு பாயிண்டு நம்மளுதுன்னு நான் சொல்றேன், இல்லைன்றான் அம்பயரு. உடனே இவன் பின்னாலேர்ந்து, செக்ரட்டரி சொன்னா வுட்டுடுங்கய்யா, சுதந்திரமே அவருக்கு மட்டுந்தானே வந்துச்சுன்னு ஊரே கேக்கக் கத்துனான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க, எனக்கு அவமானமாப் பூடுச்சு. முழுக் கோர்ட்டுக்கும் தண்ணின்னு தண்டம் போட்டேன். நாளைக்கு வந்து ஊத்துறேன்னு போனான். மறுநாளு பொழுது விடியறதுக்குள்ள நீங்க அவன் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டிட்டீங்க, அவன் ஆளு இல்ல.

அதுலேர்ந்து ஒரு மாசம் சார். தேசப்பன் வாயைத் தொறக்கலை, நாயுடு எல்லையப் பத்திப் பேசலை, நான் எதையும் பேசலை. அவ்ளோ ஒத்துமை. தரை பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், புழுதி எம்மாத்திரம்? பந்து போறதே கண்ணுக்குத் தெரியலை. சண்டை போட ஆளில்லாத கிளப்பு அப்படித்தான் ஆவும்.

அதோ ஊதுது. ரேணிகுண்டா போறதும் அரக்கோணம் போறதும் இன்னிக்கி இங்கதான் கிராசிங், கிருத்திகைக்கு ரெண்டும் ஸ்பெஷல் வண்டி. கெளம்பிடுச்சு ரெண்டும். சத்தத்தை வெச்சே சொல்லிருவேன்.

மொட்டையா? ஆமா, காணோம். டின்னு ரெண்டும் கெணத்து மேட்டுல கெடக்குது. அந்த மேற்கு மூலையப் பாருங்க, அது மட்டும் ஈரம் படாம காஞ்சு கெடக்குது. நேரம் பத்தலை போல. நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வேணாண்டா, உசுரு பொழைச்சா போதும், நேரா ஸ்டேசனுக்குப் போடான்னு. கேட்டானா? தண்டத்தை வெச்சுட்டு ஓடுனான்னு நாளைக்கி நீ கல்லுக்கு அந்தாண்ட நின்னு பேசுவேன்னான். பேசித்தான் இருப்பேன்.

ஏன் எழுந்துட்டீங்க? குந்துங்க சார். அவந்தான். உங்க கையில தண்ணி ஊத்துனானே, அவனேதான். எந்த வண்டியில ஏறுனான்னு எனக்குத் தெரியாது. சொல்லாதேன்னுட்டேன். தெரியாத சேதிய எந்தப் போலீசு அடிச்சாலும் வாங்க முடியாதுன்னு நாப்பத்திரெண்டுல அவன் எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான். தந்தி வேணா குடுங்க. மொட்டைத் தலை, நெத்தியில விபூதி, தோள்ல காவடின்னு அடையாளம் சொல்லுங்க. வண்டி வண்டியாப் புடிச்சு அனுப்புவாங்க. காவடி நாயுடு வூட்டுது. மொட்டையடிச்சு மீசையையும் மழிக்கக் கூட்டிக்கினு போனவன் தேசப்பன். சாமி இல்ல, சாமி இல்லைன்னு சொல்லிக்கினே மண்டைக்குச் சந்தனம் பூசி வுட்டான்.

ஒரு மாசமா எங்க இருந்தான்னும் எழுதிக்குங்க. என் அரிசி மண்டியில, மூட்டைக்குப் பின்னால. குல்லாவைக் கழட்டி வெச்சுட்டுச் சோறு போட்டேன்னு நெனைக்காதீங்க, குல்லாவோடதான் போட்டேன். ராத்திரியெல்லாம் என் சர்க்காரைத் திட்டுனான், நானும் அவன் கட்சியத் திட்டுனேன். எனக்கு வெலங்கு போடறதுன்னா போடுங்க, பழக்கந்தான். ஆனா ரிப்போர்ட்டுல எல்லாத்தையும் எழுதணும், ஒரு மணி நேரமா உங்க முன்னால அவன் தண்ணி தூக்குனது, நீங்க குடிச்சது, எல்லாத்தையும்.

யாரு வூடுன்னு கேட்டீங்கல்ல? அந்தச் சட்டம் போட்டது கௌரியம்மா. வேடியப்பன் சம்சாரம். போன மாசம் நீங்க கதவைத் தட்டுனப்போ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னு உங்களுக்கு மோர் குடுத்துச்சாமே, அதே அம்மாதான்.

சரி, அந்த மூலை ஈரம் படாம ஆட முடியாது. அதை நான் ஊத்திக்கிறேன், அவன் என் பங்கை எவ்வளவோ தூக்கியிருக்கான். உங்க கணக்குலயும் நெறைய நிக்குது, வந்ததுலேர்ந்து கட்சியத் தவிர வேற எதையும் நீங்க பேசலை. பரவால்ல, காக்கிச் சட்டையோட வெளிய டின்னு தூக்க முடியாத ஆளு நீங்க. உங்க பங்கையும் நானே தூக்கிடறேன். பூட்ஸை மட்டும் கழட்டிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், நனைஞ்சிரப் போவுது.