அந்தக் கைக்கு முதல் தலை

மேடையில் இருக்கும் டாக்டர்மார்களே, டாக்டரின் வீட்டம்மா அவர்களே, முழங்கையில் தழும்போடு வந்து உட்கார்ந்திருக்கும் என் கூட்டாளிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் சலூன் வைத்திருப்பவன் நான். நம் கைராசி டாக்டரின் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். என்ன பேச?

கத்தரி பிடித்தே முதிர்ந்த வலது கை இது. ஒரு நாள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, கத்தரி நழுவி ஒருவர் மடியில் விழுந்தது. "அண்ணே, முடிய மட்டும் எடுங்க, காது எனக்கு வேணும்" என்று பாதி வெட்டிய தலையோடு அவர் எழுந்து போய்விட்டார்.

டாக்டர் என்ன செய்தார்? ஒரு தாளை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொடுத்தார். "நான் இழுப்பேன், விடாதீங்க பெரியவரே" என்றார். இழுத்தார். தாள் அவர் கையோடு போய்விட்டது.

"முழங்கையில நரம்பு நசுங்குது. தண்ணிக் குழாய் மேல கால வெச்சு நிக்கிற மாதிரி. கால எடுத்துட்டா போதும்."

"கையப் பொளந்து போட்டுருவீங்களா?"

"உங்க கத்தரி நுழையற அளவுகூட வெட்டமாட்டேன்."

சொன்ன சொல் தவறினாரா? நகத்தளவு கீறல். அதன் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, நரம்பை அழுத்திய பட்டையை மட்டும் வெட்டிவிட்டார். அன்றே வீட்டுக்கு அனுப்பினார். விரல்களுக்கு உயிர் மெல்லத்தான் திரும்பியது. திரும்பிய பிறகும் எனக்குப் பயம். யார் தலையைத் தொடுவது? டாக்டரே கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காதுல பட்டுட்டா டாக்டர்?"

"நான் தெச்சுக்கிறேன். நீங்க வெட்டுங்க."

அவர்தான் அந்தக் கைக்கு முதல் தலை.

போன வாரம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, தன் ஆஸ்பத்திரியிலேயே படுத்துவிட்டார். முகம் மழிக்க வீட்டம்மா என்னைக் கூப்பிட்டார். மழித்தேன். கை துளிகூட நடுங்கவில்லை. முடித்த பிறகு, ஏன் செய்தேனோ தெரியவில்லை, ஒரு தாளை அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். "நான் இழுப்பேன், விடாதீங்க டாக்டர்" என்றேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. தாள் தானாகக் கீழே விழுந்தது. மறுநாள் அவர் போய்விட்டார். அவர் கொடுத்த கை நன்றாகத்தான் இருந்தது. இருந்து என்ன? அந்தக் கையால் அவருக்கு என்ன செய்ய முடிந்தது?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் எதைத் தொடர? என் இடது கையிலும் இப்போது அதே இரண்டு விரல்கள் மரக்கின்றன. அதையும் அவரே செய்வதாக இருந்தது. அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட டாக்டரம்மா இதோ மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "அவர் பக்கத்துல இல்லாம நான் தனியா பண்ணதில்ல தாத்தா. வேற ஊர்ல போய்ப் பாத்துக்குங்க" என்கிறார்.

டாக்டரம்மா, பயம் எனக்கும்தான். அவருக்காகக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. நீங்கள் தனியாகச் செய்யும் முதல் கையாக இந்த இடது கை இருக்கட்டும். அவர் என்னிடம் சொன்னதையே உங்களிடம் சொல்கிறேன்: நீங்க வெட்டுங்க.