அறுபத்து நாலு எழுத்து

என் நாட்குறிப்பில் செவ்வாய்க்கிழமைப் பதிவு: எருத்தேன்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் பலாப்பழம்.

"மூணு மணி நேர வீடியோவுக்கும் அறுபத்து நாலு எழுத்துத்தான் கண்ணு, ஒரு போட்டோவுக்கும் அதேதான்," என்றார் மூத்தவர்.

"என்னங்க்கா அது?"

"அடிதடி கேசுல எங்கூட்டுக்காரரு யாரையும் அடிக்கலீன்னு கடைக் கேமராவுல இருந்துச்சு. போலீசு வாங்குனதுக்கப்புறம் அத நாங்க மாத்திட்டோம்னு எதிராளி வக்கீலு கோர்ட்டுல சொன்னாரு. ஒவ்வொரு வீடியோவுக்கும் கைரேகையாட்டம் அறுபத்து நாலு எழுத்து கம்ப்யூட்டர் போட்டுக் குடுக்குமாம், 'ஹாஷ்'னு பேரு; வீடியோவுல ஒரு புள்ளி மாறுனாலும் அந்த எழுத்து மொத்தமும் வேற ஆயிருமாம். வீடியோவ வாங்குன அன்னைக்கே அந்த எழுத்த கம்ப்யூட்டர்ல எடுத்து, மகசர்ங்கற போலீசு ரிக்கார்டுல எழுதி வெச்சிருந்தாங்க ஒரு போலீசம்மா. கோர்ட்டுல மறுக்கா எடுத்தாங்க. ஒரெழுத்து மாறல. அவர விட்டுட்டாங்க."

"அவங்களுக்கா பலா? லஞ்சம்னு உங்களப் புடிச்சு உள்ள வெச்சரப் போறாங்க!"

"வெக்கட்டும். கும்புட்டுக் குடுத்துட்டுத்தான் வருவேன்."

சித்தூரில் மூத்தவர் இறங்கிக் காவல் நிலையத்துப் பக்கம் நடந்தார். பழம் வாங்கிக்கொள்ளப்பட்டதா என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.