ஒட்டாத நோய்க்கு அஞ்சிய தகப்பன்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருந்தகையே! அனுபவத்தில் மூத்த ஆன்றோர்களே! அடுப்படி வேலையை அரைகுறையாய் விட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கதவோரம் கால்கடுக்க நிற்கும் தம்பிமார்களே! கண் மருத்துவர் நான் வந்ததும் கண்ணாடி மாற்றச் சொல்வேன் என்று அஞ்ச வேண்டாம். ஒரு மனிதரின் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் ஒரு வெல்டர். அவருடைய மேலிமையில் ஒரு கட்டி வந்தது. மிளகளவில் முளைத்தது, மெல்ல வளர்ந்து மொச்சையளவானது. "வெறும் கண்கட்டி, சூடு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். களிம்பு கொடுத்தார் மருந்துக்கடைக்காரர். கரைந்ததா? கரையவில்லை! கல்லாய்க் கனத்தது! பட்டறையில் ஒருவர் காதோடு சொன்னார்: "புத்துநோயா இருக்கும்ப்பா. வீட்ல கைக்குழந்தை இருக்கு, ஒட்டிக்கப் போகுது."

அன்று மகளைத் தூக்குவதை நிறுத்தினார். குழந்தை தவழ்ந்து வந்தால் எழுந்து போவார். தளிர்நடை நடந்து வந்தால் தள்ளிப் போவார். "பொண்ணுன்னு வெறுப்பா?" என்று மனைவி அழுதார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

இப்படியே இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடி, இமை தொங்கிக் கருவிழியை மறைத்த பிறகுதான் மனைவி அவரை என்னிடம் இழுத்து வந்தார். தொட்டேன், கூழாங்கல்லாய் விரலடியில் நகர்ந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்தது: மயிர்க்காலில் முளைக்கும் அபூர்வமான கட்டி. புற்றுநோய் அன்று!

"அப்போ ஒட்டாதா டாக்டர்?"

"புற்றுநோயே ஒட்டாதுங்க. இது ஒண்ணும் செய்யாத கட்டி."

மனைவியிடம் திரும்பினார். "அதுக்குத்தான் தூக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

மனைவியின் அருகில் நின்ற மகளை நோக்கி அவர் இரு கைகளையும் நீட்டினார். மூன்று வயதுக் குழந்தை அவரை ஏறிட்டுப் பார்த்தது. "வேணாம்" என்று அம்மாவின் சேலைக்குள் முகம் புதைத்தது.

என்ன தாயே கேட்கிறீர்கள், இப்போதாவது அவரிடம் போகிறதா என்றா? போகிறது, அவர் விரல் பிடித்து நடக்கிறது. ஆனால் முதல் அடி தடுமாறியபோது தாங்க வேண்டிய கை அல்லவா அது? முதல் மழலை கேட்டபோது அணைக்க வேண்டிய தோள் அல்லவா அது? கட்டியை வெட்டி எடுத்தேன்; கைநழுவிய காலத்தை எந்தக் கத்தி கொண்டு மீட்பேன்?

எல்லாக் கட்டியும் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. எது தீயது என்று ஊகம் சொல்லாது, ஊர்வாய் சொல்லாது, சோதனைதான் சொல்லும்! சில வாரத்தில் வடியாத கட்டியா? வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள், விரைந்து வந்து காட்டுங்கள். பயத்தை மட்டும் தனியாகச் சுமக்காதீர்கள்.

கண் கலங்கக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்!