வெள்ளிக்கிழமைப் புடவை

"எங்கம்மாவ ரிப்போர்ட்ல எங்க சேக்குறதுன்னே தெரியலடி!"

தங்காக்கிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"ஏன், என்னாச்சு?"

"புரோஜெக்ட்டுக்காக எங்க புடவைக் கடையில ஸ்டாக் சிஸ்டம் போட்டேன்ல? மாம்பழக் கலர் விக்கவே இல்ல, இனிமே வாங்காதீங்கன்னு அது காட்டுச்சு."

"சரி."

"அம்மா அதுல ஒண்ண எடுத்துக் கட்டிக்கிட்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டாங்க. மறுநாளே அந்தக் கலர் பூரா காலி!"

"அலமாக், ஐயோ! அப்ப உன் சிஸ்டம் வேஸ்ட்டு லா."

"எங்க? இப்ப வாராவாரம் போன் பண்றாங்க. 'எது விக்கலன்னு சிஸ்டத்துல பாத்துச் சொல்லுடி, வெள்ளிக்கிழமை கட்டணும்'னு!"