வாய் கட்டிய நான்காமவள்

குளிர்காலத்துப் பாரிஸில் யாருக்குத்தான் மூக்கு அடைக்காது, கமிஷனர் ஐயா? உங்களுக்கே அடைத்திருக்கிறது, பேச்சில் தெரிகிறது. பெரினுக்கும் அடைத்திருந்தது. அது எனக்குத் தெரியும். மறைக்க என்ன இருக்கிறது.

மதாம் வொக்லேரின் விருந்துக்கூடத்தில் நான்கு கதவுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கலையைப் பெண்ணாக வரைந்து தர ஒப்புக்கொண்டிருந்தேன். இசை, கவிதை, சிற்பம் மூவரும் கதவேறிவிட்டார்கள். மிச்சம் ஓவியம். எல்லாருக்கும் மாதிரியாக நின்றவள் பெரின்தான், மீன்காரி மகள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள். வாயை மட்டும் மூட மாட்டாள்.

மதாமிடமே என்னைக் காட்டிச் சொன்னாள்: "மூணுக்கும் ஒரே மூஞ்சி மதாம். யாழப் புடுங்கிட்டு உளியக் குடுத்தா இசை சிற்பமாயிரும். முசேக்கு வேலை மிச்சம்."

மதாம் விழுந்து விழுந்து சிரித்தார். விருந்தாளிகளுக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தார். நான்காவதும் இப்படியே இருந்தால் மூன்றையும் இறக்கிவிடுவதாக எனக்குச் சொல்லியனுப்பினார். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. துணி வியாபாரி மகன் நான். சரக்கைப் பழிக்காமல் யார் வாங்குகிறார்கள்?

ஓவியக் கலைக்கு வாயைத் துணியால் கட்டிக் காட்டுவது பழைய மரபு. ஓவியம் பேசாது என்று பொருள். தூரிகை பிடித்த கை தாழாமலிருக்க உத்தரத்திலிருந்து கயிறு விட்டு மணிக்கட்டைக் கட்டுவதும் எல்லாப் பட்டறையிலும் உள்ளதுதான். மற்றக் கையையும் கட்டினேன், சமமாக இருக்கட்டும் என்று.

துணியைப் பார்த்துப் பெரின் சிரித்தாள். "அடேயப்பா, என் வாய மூட ஒரு கலையே கண்டுபிடிச்சிட்டீங்களா முசே? பாத்துக் கட்டுங்க, மூக்கு வேற அடைச்சிருக்கு."

"சரிம்மா" என்றேன். சற்று இறுக்கியே கட்டினேன். தளர்ந்தால் மடிப்பு அழகாக விழாது.

கொஞ்ச நேரத்தில் கயிறுகள் அசைந்தன. அசையாதே என்றேன். அசைந்தாள். முகத்தில் ரோஜாவும் நீலமும் கலந்து ஒரு நிறம் ஏறியது. இத்தனை வருஷமாக என் வண்ணத் தட்டில் கலக்க வராத நிறம். கண்கள் என்னையே பார்த்தன. மற்ற மூவருக்கும் வாய்க்காத முகம். அதைத் தீட்டினேன். பிறகு அவள் அசையவில்லை, வேலை சுலபமாயிற்று. பாதம் வரை முடித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தேன்.

படம் இப்போது கதவுக்கு மேல் இருக்கிறது. மதாம் இந்த முறை சிரிக்கவில்லை. ஒரே மூஞ்சி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். என் கையால்தான் போனாள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் இரக்கமில்லாதவன் அல்ல, ஐயா. போதும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கணமே அவிழ்த்துவிட்டிருப்பேன்.