ரெவெல்லோ அம்மாளுக்குப் புது ஜன்னல்

நல்ல விறகு எரியும்போது சத்தம் போடாது. படபடவென்று வெடித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். நேப்பிள்ஸில் பிறர் கடைகளில் இருபத்திரண்டு வருஷம் அடுப்பு முன்னால் நின்று நான் கற்றதில் பாதி இதுதான். நீங்கள் கேட்டது வேறு, நீதிபதி அம்மா. தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

நாற்பத்தைந்து வயதில் எனக்கென்று ஒரு பீட்சா கடை வைத்தேன். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கடை. ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. இங்கே வடக்கே டூரினில், பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தை என் மனைவி நூன்ட்ஸியா தேடிப் பிடித்தாள். முன்பு ரொட்டிக் கடை இருந்த இடம். சுவருக்குள் ஓடும் புகைபோக்கி தயாராகவே இருந்தது. அதற்காகத்தான் எடுத்தோம். பெயர்ப்பலகையில் 'அனியெல்லோ' என்று என் பெயரை மட்டும் எழுதினேன்.

எங்களுக்கு நேர் மேலே ரெவெல்லோ அம்மாள் குடியிருந்தார். எண்பத்தொரு வயது, தனிக்கட்டை. மகள் மிரெல்லா, ஆஸ்தி என்ற பக்கத்து ஊரில் நர்ஸ். திறப்பு நாளன்று முதல் பீட்சாவை வாங்கியது மிரெல்லாதான். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மா கத்துவாங்கண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண். அதை நான் மறுக்கவில்லை.

மறுநாளே ஆரம்பமானது. நான் விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். மேலே ஜன்னலில் தலை தெரிந்தது.

"ஏய் தெற்கத்தியான். இதென்ன உங்க ஊர் எரிமலையா, எந்நேரமும் பொகையுது?"

"எங்க ஊர் மலை எண்பது வருஷமா சும்மாதாம்மா இருக்கு."

"அப்ப அதுக்கு இருக்கிற புத்தி கூட உனக்கு இல்ல."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வராது. நூன்ட்ஸியாவைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு வாசலில் காத்திருந்தவர்கள் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. அடுத்து, சாப்பிடுகிறவர்கள் தலைக்கு மேல் கைத்தடியால் தரையை இடிப்பது, அதுவும் ஏழரை மணியானால் தவறாமல். மாநகராட்சிக்கு வாசனை என்று ஒரு புகார், சத்தம் என்று இன்னொன்று, எலி என்று மூன்றாவது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் கதவு இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. புது ஊரில் இரண்டு நாள் பூட்டிய கடையை ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் மாடிப்படியில் நூன்ட்ஸியாவைப் பார்த்து, "இங்க யாரும் உங்களக் கூப்பிடலையே, ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

நாலாவது புகார் புகைபோக்கியைப் பற்றியது. அதிகாரி வருவதற்கு முன்னால் நாமே பார்த்துவிடலாம் என்று செகோந்தோவைக் கூப்பிட்டேன். இந்தப் பேட்டையில் புகைபோக்கி வேலைக்கு அவர்தான். கயிற்றில் சின்னக் கேமராவை உள்ளே இறக்கினார். முதல் மாடி உயரத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு செங்கல் பெயர்ந்து விழுந்திருந்தது.

"இது நேரா அந்தம்மா படுக்கிற ரூமுக்குள்ள போகுது அனியெல்லோ. பொகைகூடப் பரவாயில்ல, கண்ணுக்குத் தெரியும், மூக்குல ஏறும். அதோட கூட வர்ற வாயு இருக்கே, அதுக்கு நிறமும் இல்ல, நாத்தமும் இல்ல. தூங்கினவங்க எந்திரிக்க மாட்டாங்க."

"இத்தன நாள் ஒண்ணும் ஆகலையே?"

"அவங்க ஜன்னல் ஒழுங்கா மூடாது. மரம் உளுத்து, விரல் நுழையிற அளவுக்கு இடுக்கு. அந்தக் காத்துதான் இதுவரைக்கும் காப்பாத்துது. நீ இன்னைக்கே அடுப்ப அணைச்சிரு. உள்ள எஃகுக் குழாய் எறக்கணும், வர மூணு வாரம் ஆகும்."

அணைத்துவிடுகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் நம்பினார். என் மேல் தவறு என்று நீங்கள் எழுதுவதானால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம். நல்ல மனிதரிடம் பொய் சொன்னேன்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை, தடியில்லாமல் நடக்க முடியாத அந்த அம்மாளின் கதவைத் தட்டினேன். சண்டை போதும், சத்தமும் வாசனையும் உள்ளே வராதபடி உங்களுக்குப் புது ஜன்னல் என் செலவில் வைத்துத் தருகிறேன் என்றேன். இரட்டைக் கண்ணாடி, ஓரம் முழுக்க ரப்பர், நூல் நுழையாது. அவர் தடியை ஊன்றித் தன் பழைய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண் கலங்கியது.

"குளிர்ல முட்டி வலி தாங்கலப்பா. மககிட்டயும் சொல்லல. உன் பேர் என்ன?"

பலகையில் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது. ஐந்து மாதம் கழித்துக் கேட்கிறார். சொன்னேன். அந்த நிமிஷம் மனம் மாறியிருக்கலாமே என்பீர்கள். ஆட்களிடம் ஏற்கெனவே அளவு சொல்லியாகிவிட்டது.

வியாழக்கிழமை ஜன்னல் வைத்தார்கள். நூன்ட்ஸியா என் கன்னத்தில் முத்தம் வைத்து, "அவ்வளவு திட்டு வாங்கிட்டும் உனக்கு இப்படி ஒரு மனசா?" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இப்போதும் அதை விபத்து என்றுதான் நினைக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மழை. கூட்டமில்லை, அடுப்பில் தணல் மட்டும்தான். சனிக்கிழமை அறுபது பேர் சொல்லி வைத்திருந்தார்கள். கடை திறந்ததிலிருந்து முதல் முறையாக எல்லா மேசையும் நிறைந்த நாள்.

நான் ஒருவரை நினைத்துத்தான் செய்தேன், அம்மா. இரண்டு பேர் என்று உங்கள் தாளில் இருக்கிறது. இரண்டாவது ஆள் வருவது எனக்கு எப்படித் தெரியும் என்று முதல் நாள் விசாரணையில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் மிரெல்லா பெட்டியோடு வந்தாள். புது ஜன்னலைப் பார்க்கவே லீவு போட்டு வந்தாளாம். மேலே போய் வந்து, கடை வாசலில் நின்றாள்.

"ரொம்ப நன்றிண்ணே. அம்மா உங்களப் பத்தித்தான் பேசிட்டே இருக்காங்க. ராத்திரி நானும் அவங்ககூடயே படுத்துக்கிறேன். காலையிலேருந்து தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குங்கறாங்க. ஜன்னலக் கொஞ்சம் திறந்து வெக்கட்டுமா?"

நர்ஸ் அவள். இன்னும் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அவளுக்கே புரிந்திருக்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"வேண்டாம்மா. சுத்தி அடிச்ச பசை இன்னும் காயல. ரெண்டு நாள் திறக்காம இருங்க."

சரி என்று சிரித்துவிட்டு மாடி ஏறினாள். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். என்ன செய்வது, அறுபது பேருக்கு மாவு பிசைந்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்காது.